நோட்டில் இல்லாத மொழி

(மாணவர் வாசக வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன், கடலைப் பற்றிப் பேசச் சொன்னால் அலை, நிலா என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்துக் கூப்பிட்டிருப்பீர்கள். நான் வங்கியில் கிளார்க். ரூபாய் நோட்டிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும்.

எங்க கவுண்டருக்கு ஒருத்தர் மொரீசியஸ் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கே மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதில் தமிழ் எழுத்து. பக்கத்து சீட்டு, பின் சீட்டு என்று எல்லாரிடமும் காட்டினேன். 1998இல் புது நோட்டில் இந்திக்குப் பின்னால் தமிழைத் தள்ளியபோது அங்கிருக்கும் தமிழர்கள் போராடி அந்த நோட்டையே திரும்பப் பெறவைத்தார்கள் என்று படித்து இன்னும் பூரித்தேன். அந்தத் தீவில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். அது அந்த நோட்டில் இல்லை. அதை நான் பார்க்கவே இல்லை. பார்க்க வைத்தது ஒரு கப்பல்.

2020 ஜூலை 25. வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தீவின் தென்கிழக்கில் பவளப் பாறையில் ஏறி நின்றது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். சொந்தக்காரர் ஜப்பான், கொடி பனாமா, கேப்டன் இந்தியர், முதல் அதிகாரி இலங்கைக்காரர். கரையை ஒட்டிப் போனது எதற்கு? செல்போன் சிக்னலுக்கு. சிரிக்கிறீங்க. அது கொரோனா காலம். மாலுமிகள் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் கப்பல்களிலேயே கிடந்தார்கள். வீட்டாரோடு பேசத்தான் என்று கேப்டன் நீதிமன்றத்தில் சொன்னார். செய்தது தவறுதான். 2021 டிசம்பரில் அந்த இருவருக்கும் 20 மாதச் சிறை.

ஆனால் கப்பல் தட்டிய அன்றே எண்ணெய் கொட்டவில்லை. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. கரையில் இருந்த மீனவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 6இல் டாங்கி உடைந்தது. உள்ளே இருந்த சுமார் 4,000 டன்னில் ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. எதிரே அலையாத்திக் காடு, புளூ பே கடல் பூங்கா, மாயெபூர் மீனவர்களின் கடல்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். கரும்புச் சோகையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். துணியையும் வலையையும் நீளக் குழாயாகத் தைத்து, சோகையை அடைத்து, மிதக்க பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிக் கடலில் விட்டார்கள். முடியில் எண்ணெய் ஒட்டும் என்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். எல்லா இனத்தாரும் வந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரையில் கடலை நம்பிப் பிழைப்பவர்களில் அதிகம் கிரியோல்கள், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். எந்தக் கரும்புக்காகப் பாட்டன் கழுத்தில் விலங்கு விழுந்ததோ, அதன் சோகையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையை அதிகாரிகளிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு உத்தரவு போட்டது. அவர்கள் போகவில்லை. இதில்தான் நான் திணறுகிறேன், தோழர்களே. நம்ம ஆளுங்க கையில் அடுத்தவன் அழுக்கைத் திணித்தது ஜாதி. ‘சுத்தம் செய்’ என்று யாராவது சொன்னாலே எனக்கு உடம்பு கூசும். அங்கே ‘சுத்தம் செய்யாதே’ என்ற உத்தரவை மீறிக் கையை விட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அவர்களைத் தியாகிகள் என்று பாட எனக்கு வாய் வரவில்லை. கூலி இல்லாத வேலைக்குத் தன்னார்வம் என்று ஒரு அழகான பேர் இருக்கிறது, ஜாக்கிரதை.

இனி என் தொழில், கணக்கு. எண்ணெய் ஏற்றிப் போகும் டேங்கர் கொட்டினால் அதற்கென்று சர்வதேச நட்டஈட்டு நிதி உண்டு. வகாஷியோ டேங்கர் இல்லை; சரக்கும் இல்லாமல் காலியாக பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொட்டியது அதன் சொந்த எரிபொருள். ஆகவே அந்த நிதியில் கைவைக்க முடியாது. 2001ஆம் வருஷத்து பங்கர் உடன்படிக்கைதான். அதில் கப்பலின் அளவை வைத்து, கப்பல்காரன் இதற்கு மேல் தரவேண்டாம் என்று ஒரு உச்சவரம்பு. கடலுக்கு அப்படி வரம்பு எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. கேட்கிறவர் நட்டத்தை நிரூபிக்கவும் வேண்டும். படகில்லாமல் முழங்கால் தண்ணீரில் நடந்து சிப்பி பொறுக்கும் பெண் எந்த ரசீதைக் காட்டுவாள்? கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ‘சான்று கொண்டா’ என்று நானும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தீவுக்கு நட்டஈடு புதுசு இல்லை. அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டன் தன் காலனிகள் முழுவதற்கும் 2 கோடி பவுன் நட்டஈடு ஒதுக்கியது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது. காலியான தோட்டங்களுக்குத்தான் நம் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். நோட்டில் தமிழ் வந்த வழி அது.

ஆகஸ்ட் 29இல் கறுப்புச் சட்டையோடு போர்ட் லூயி தெருக்களில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். இரண்டு நாள் கழித்து, எண்ணெய் ஏற்றும் மிதவைக் கலத்தை இழுத்துவந்த படகு அதோடு மோதி மூழ்கியது. எட்டுப் பேரில் நாலு பேர்தான் உயிரோடு திரும்பினார்கள்.

2017 ஜனவரியில் எண்ணூருக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளிய தோழர் ஒருவர் கடைசி வரிசையில் இருக்கிறார். நான் படித்துச் சொன்னேன். அவருக்குக் கையில் தெரியும். மைக்கை அவரிடம் கொடுங்கள்.