கோட்டைவாசல் தாண்டினால்தான் ஹெல்மெட்டா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



என்னைச் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னாங்க. போலீஸ்காரர் பேச வேண்டிய விஷயத்தை நான் என்னத்தைப் பேசன்னு முதல்ல தயங்கினேன். அப்புறம், புளியறைக்காரங்களுக்கு இதைப் பற்றித் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்னு தோணுச்சு. தினமும் நாம பாக்கிறதையே சொல்றேன்.

காலையில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு வேலைக்கும் வியாபாரத்துக்கும் பைக்கில் போற நம்ம ஊர்ப் பையன்களைப் பாருங்க. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும், இல்லைன்னா பெட்ரோல் டேங்க் மேல இருக்கும். கோட்டைவாசல்ல வண்டியை நிறுத்துவாங்க. கருப்பசாமியை ஒரு கும்பிடு. அப்புறம் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, வாரையும் ஒழுங்கா பூட்டிக்கிடுவாங்க. சாயந்தரம் திரும்பி வரும்போது அதே இடத்தில் கழற்றிடுவாங்க. அதே ஆள், அதே வண்டி, அதே ரோடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூர்-கொச்சியோடதான் இருந்துச்சு. எல்லையைப் பிற்பாடு போட்டாங்க. தலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே தலைதானே?

ஏன் இப்படின்னு கேட்டா, பையன்கள் ஒரே வார்த்தையில் சொல்லுவாங்க: "அங்க கேமரா."

உண்மைதான். கேரளாவில் 2023 ஜூன் 5-லிருந்து கேமரா வச்சு அபராதம் போடுறாங்க. மாநிலம் முழுக்க 726 கேமரா. அது யாரையும் கைகாட்டி நிறுத்தாது. தெரிஞ்சவரா, எந்தக் கட்சின்னு பாக்காது. படம் எடுத்து, வண்டி யார் பேரில் இருக்கோ அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஹெல்மெட் போடலைன்னா கேரளாவில் 500 ரூபாய். நம்ம தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து 1,000 ரூபாய். அபராதம் நம்ம பக்கம்தான் ரெண்டு மடங்கு, ஆனா பயம் அந்தப் பக்கம்தான் அதிகம். இங்க போலீஸ்காரர் நிக்கிற இடம், நிக்கிற நேரம் எல்லாம் பையன்களுக்கு அத்துப்படி. எதிரே வர்றவர் லைட்டைப் போட்டுச் சைகை காட்டிடுவார். மாட்டாம போயிடலாம்னு ஒரு நம்பிக்கை. அங்க அந்த நம்பிக்கை இல்லை. தொகை பெருசா இருந்தா மட்டும் மனுஷன் திருந்துறதில்லை, நிச்சயமா மாட்டுவோம்னு தெரிஞ்சாதான் திருந்துறான்.

அதுக்காக மலையாளத்துக்காரங்க எல்லாம் ஒழுங்கு, நம்ம ஆளுங்க மோசம்னு நான் சொல்ல வரலை. குற்றால சீசனுக்கு அங்கிருந்து வர்ற பைக்குகளைப் பாருங்க. மலையிறங்கினதும் அதில் சில பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிடுறாங்க. ஆக இது ஊர்க் குணம் இல்லை. யாரும் பாக்கலைன்னா எல்லாரும் ஒரே மாதிரிதான்.

ஆனா உயிர்க் கணக்கு ஒரே மாதிரி இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ஆம் வருஷத்துக்குக் கொடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் 64,105 விபத்து, இறந்தவங்க 17,884 பேர். கேரளாவில் 43,910 விபத்து, இறந்தவங்க 4,317 பேர். நூறு விபத்துக்கு நம்ம பக்கம் சுமார் 28 உயிர் போகுது, அங்க 10. அங்க சின்ன விபத்தையும் பதிவு பண்றது அதிகம், ரோடு குறுகல், வேகம் குறைவு, ஆஸ்பத்திரி பக்கத்தில்னு பல காரணம் இருக்கலாம். ஜனத்தொகையும் நமக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அதையெல்லாம் கழிச்சுப் பாத்தாலும் வித்தியாசம் சின்னது இல்லை.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். நாம வண்டி ஓட்டலைன்னாலும் நம்ம பேரில் வண்டி இருக்கு. 2018-ல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தப்போ, வேலைக்குப் போற பெண்களுக்கு விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமா கிடைச்சுது. அதில் வாங்கினவங்க இருக்கீங்க. குழுக் கடனில் வாங்கினவங்களும் இருக்கீங்க. ஆர்.சி. புக்கில் நம்ம பேர், ஓட்டுறது மகனோ வீட்டுக்காரரோ.

எங்க குழுவில் ஒரு அக்காவுக்குப் போனில் மெசேஜ் வந்துச்சு. பேங்க் விஷயம்னு நினைச்சு என்கிட்ட கொண்டு வந்தாங்க. பாத்தா, ஒரே மாசத்தில் மூணு அபராதம், 1,500 ரூபாய். மகன் புனலூருக்குப் போன வண்டி. ஹெல்மெட்டை அந்தப் பக்கம்கூட மாட்டலை. நோட்டீஸில் இருந்த படத்தை அந்த அக்கா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பணத்தைப் பற்றி ஒண்ணும் சொல்லலை. "தினமும் வாசல்ல நின்னு நான்தான் அனுப்பி வைக்கிறேன். அவன் தலையில ஒண்ணும் இல்லாம போறதை எங்கேயோ இருக்கிற கேமரா பாத்திருக்கு. நான் பாக்கலையே" அப்படின்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

அபராதத்தோட முடியாத விஷயமும் உண்டு. 18 வயசு ஆகாத பிள்ளை கையில் சாவியைக் கொடுத்து அவன் பிடிபட்டா, சட்டப்படி தண்டனை பெற்றோருக்கும் வண்டி சொந்தக்காரருக்கும்தான். 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில், வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸும் கிடையாது. "பக்கத்துக் கடைக்குத்தானே போறான்"னு நாம கொடுக்கிற சாவிக்கு இவ்வளவு விலை.

இன்னொண்ணு, பின்னால உக்காந்து போற நம்மளைப் பற்றி. 2022-ல் இந்தியா முழுக்க ஹெல்மெட் இல்லாம இறந்தவங்க 50,029 பேர். அதில் 14,337 பேர் பின் சீட்டில் இருந்தவங்க. பின்னால உக்காருறவங்களும் ஹெல்மெட் போடணும்கிறது ரெண்டு மாநிலத்துக்கும் பொதுவான சட்டம். நாமதான் கொண்டை, பூ, கசங்கிடும்னு விட்டுடுறோம். ஒரு பக்கமா உக்காந்து, மடியில் பிள்ளை, கையில் பை. விழுந்தா பிடிச்சுக்க ஒரு கை மிச்சம் இல்லை.

நம்ம எஸ் வளைவை நினைச்சுப் பாருங்க. கோட்டைவாசல்ல ஹெல்மெட்டைக் கழற்றிட்டுப் பையன்கள் இறங்குறது அந்த வளைவில்தான். 2024 பிப்ரவரி 25-ஆம் தேதி நடுராத்திரி, கேரளாவிலிருந்து பிளைவுட் ஏத்தி வந்த லாரி அங்கேதான் ரயில் பாதையில் விழுந்துச்சு. டிரைவர் இறந்துட்டார். பக்கத்தில் குடியிருந்த வயசான கணவன் மனைவி டார்ச் லைட்டோட தண்டவாளத்தில் ஓடி, வந்துகிட்டிருந்த ரயிலை நிறுத்தினாங்க. முதலமைச்சர் 5 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டினார். அந்த ரெண்டு பேரையும் யாரும் ஓடச் சொல்லலை, ஓடலைன்னா அபராதமும் இல்லை. நம்ம ஊர்க்காரங்கதான் அவங்க. கேமரா இருந்தாத்தான் சரியா நடப்போம்னு நம்மளைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

அதனால கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூணு. ஒண்ணு, வண்டிக்குக் கடன் கேட்டு வந்தா, தீர்மானம் எழுதுறதுக்கு முன்னால லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ரெண்டு ஹெல்மெட், இதெல்லாம் இருக்கான்னு கேளுங்க. ரெண்டு, மாசக் கூட்டத்தில் போன் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தர், பரிவாகன் அரசு இணையதளத்தில் நம்ம வண்டிகள் பேரில் அபராதம் இருக்கான்னு பாத்துச் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் செலான்னு ஏதாவது ஃபைல் வந்தா மட்டும் திறக்காதீங்க, அது பணத்தைத் திருடுறவன் வேலை. மூணு, ரோட்டில் யாருக்காவது அடிபட்டுக் கிடந்தா தயங்காம 108-க்குக் கூப்பிடுங்க. உதவி செய்றவங்களைக் கேஸில் இழுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவங்க எந்த மாநிலத்துக்காரங்களா இருந்தாலும், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு.

இதுக்கெல்லாம் மேல, நாளைக்குக் காலையில் நம்ம வீட்டு வண்டி கிளம்பும்போது வாசல்ல நில்லுங்க. ஹெல்மெட் தலைக்கு ஏறி, வார் பூட்டின சத்தம் கேட்ட பிறகு சாவியைக் கொடுங்க. கோட்டைவாசல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.