அளவுகோல் பொய் சொன்னால் அணை என்செய்யும்?



அணை என்றதும் அதன் உயரத்தைப் பேசுகிறோம். அது தரும் ஒளியைப் பேசுகிறோம். அதன் நலத்தை நாள்தோறும் பார்த்து எழுதிவைக்க வேண்டிய ஏட்டைப் பற்றி எவர் பேசுகிறார்? அந்த ஏட்டைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில் டாம் சாக் என்றொரு நீர்மின் நிலையம் உண்டு. 1963இல் இயங்கத் தொடங்கியது. மலையுச்சியில் ஒரு நீர்த்தேக்கம், கீழே மற்றொன்று. மின்சாரத் தேவை குறைந்த இரவில் நீரை மேலே ஏற்றுவார்கள். தேவை மிகுந்த பகலில் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். சிறந்த ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால், அன்றைய மேல் தேக்கத்துக்குக் கலிங்கு இல்லை! ஏரிக்குக் கலிங்கு வேண்டும் என்பதைச் சிற்றூர் உழவரும் அறிவார். அங்கோ, நீரை ஏற்றுவது எந்திரந்தானே, அளவு பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணிவிட்டார்கள். ஆகவே, நீர்மட்டங் காட்டும் கருவிகளே அதற்குக் காவல்.

அந்தக் காவல் தளர்ந்தது. கருவிகளைத் தாங்கிய குழாய்கள் பிடிப்பு விட்டு வளைந்தன. உள்ள நீரைவிடக் குறைவாகக் கருவி காட்டிற்று. 2005 செப்டம்பரில் நீர் மதிலைத் தாண்டி வழிந்தது. அக்டோபரில் குழாய்கள் தளர்ந்திருப்பதும் தெரிந்தது. நிலையத்தை நடத்திய அமெரன் நிறுவனம் செய்தது என்ன? மட்டத்தைச் சிறிது குறைத்து வைத்தது. பழுது பார்ப்பதைத் தள்ளிப்போட்டது. கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவிக்காமல் இருந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 14, விடியற்காலை 5 மணி கடந்த வேளை. நிரம்பிய தேக்கத்தில் எந்திரம் மேலும் நீரை ஏற்றிக்கொண்டிருந்தது. மட்டம் மிஞ்சினால் எந்திரத்தை நிறுத்த வேண்டிய மாற்றுக் கருவிகளோ, மதிலின் தாழ்ந்த பகுதியைவிட உயரத்தில் இருந்தன! நீர் வழிந்தது, கரை அரித்தது, உடைந்தது. 100 கோடி காலனுக்கு மேற்பட்ட நீர் அரைமணி நேரத்துக்குள் மலைச்சரிவில் பாய்ந்தது. கீழே இருந்த மாநிலப் பூங்காவின் கண்காணிப்பாளர் வீடு அடித்துச் செல்லப்பட்டது. கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் ஆகிய ஐவரும் உயிர் தப்பினர். குளிர்காலமாதலால் பூங்காவில் கூட்டமில்லை. கோடையாக இருந்திருந்தால்? எண்ணிப் பாருங்கள்!

சட்டம் இல்லையா அங்கே? இருந்தது. உயர்ந்த அணைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நிறுவனத்தைச் சாராத பொறியாளர் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்பது ஒரு விதி. பாதுகாப்பைப் பாதிக்கும் எதனையும் நடத்துவோர் காலந்தாழ்த்தாது ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. சோதிப்பவர் வருவார், பார்ப்பார், போவார். இரவும் பகலும் அணையோடு இருப்பவர் நடத்துபவர். அவர் கண்டதை மறைத்தால், வந்து போகிறவர் எவ்வளவு கற்றவராயினும் என்ன செய்ய இயலும்?

சிறு பழுதுக்கெல்லாம் அறிக்கை எழுதி, நிலையத்தை நிறுத்தினால் மின்சாரம் எடுப்பது எப்போது என்று கேட்பவர் உண்டு. கரை உடைந்தபின், 2010 வரை அந்த நிலையம் மின்சாரம் தரவில்லை. அதுவே அவர்களுக்கு விடை!

2006இல் ஆணையத்தோடு செய்த உடன்பாட்டின்படி அந்நிறுவனம் 1.5 கோடி டாலர் செலுத்த ஒப்பியது. அதில் 1 கோடி தண்டம். 2021 டிசம்பரில் ஆணையம் தன் விதிகளைத் திருத்தியது. ஐந்தாண்டுச் சோதனையோடு, பத்தாண்டுக்கு ஒருமுறை முழுமையான ஆய்வும் வேண்டும் என்றது. இடர் மிகுந்த அணைகளின் உரிமையாளர், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் எவர் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்றது.

இந்தியாவிலும் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளைச் சோதிக்குமாறு உரிமையாளரைப் பணிக்கிறது. அந்த உரிமையாளர் பெரும்பாலும் அரசுகளே. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும் கடமையும் உண்டு.

அணைக்குக் கீழே வாழும் மக்களிடம் செல்லுங்கள். சோதனை நடந்ததா என்று கேட்பதோடு நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ட குறை யாது? எவரிடம் அறிவித்தீர்? எந்நாளில் சீர்செய்வீர்? இம்மூன்றையும் ஆண்டுதோறும், மழைக்கு முன்பே, கேட்கச் சொல்லுங்கள்.