குற்றத்தை அளக்கும் படி எது?

(வாலாஜாபாத் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



குற்றங்களில் எது பெரிது, எது சிறிது, அதை எந்தப் படியால் அளப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது வக்கீல்கள் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். ஜெயிலுக்குப் போகிறவர்களில் வக்கீல்கள் சொற்பம்.

மனுதர்மத்தின் 8-ஆவது அத்தியாயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பிராமணனைத் திட்டிய க்ஷத்திரியனுக்கு 100 பணம் அபராதம். சூத்திரன் திட்டினால் சரீர தண்டனை. பிராமணன் சூத்திரனைத் திட்டிவிட்டாலோ 12 பணம்! வசவு ஒன்றுதான்; வைதவன் யார், வையப்பட்டவன் யார் என்பதுதான் அங்கே படி. வசவினால் யாருக்கு என்ன கெடுதி என்ற கேள்வியே கிடையாது.

வெள்ளைக்காரன் 1860-இல் செய்த பீனல் கோடில் இந்த ஜாதி விகிதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முந்தின வருஷம், 1859-இல், அதே சர்க்கார் வேறொரு சட்டம் செய்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால், மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி அவன் வேலை செய்யவேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் ஜெயில் உண்டா என்றால், இல்லை! 1925-இல் வந்த சட்டத்தினால்தான் அது ஒழிந்தது. முன்பணம் என்றால் என்ன என்று தறியில் உட்காருகிற தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. திருட்டுக்குப் பீனல் கோடில் மூன்று வருஷம் வரை தண்டனை. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் ஒருவனைத் தடுத்தால், அதில் உயர்ந்த தண்டனை ஆறு மாதம். சேலை திருடினவனுக்கு மூன்று வருஷம். ஒரு சேரியையே தாகத்தில் வைத்தவனுக்கு ஆறு மாதம்!

திருடனை விட்டுவிடச் சொல்லவில்லை. பல நாள் நெய்த சேலை போனால் வயிறு எரியத்தான் எரியும். ஆனால் சேலை அகப்பட்டால் திரும்பி வரும். போனது ஒரு வீட்டுச் சொத்து. கிணற்றடியில் விரட்டப்பட்ட பிள்ளைக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? எத்தனை பேருக்குக் கெடுதி, எவ்வளவு காலம் நிற்கும், ஈடு செய்ய முடியுமா, கெட்டவன் எழுந்து நிற்கச் சக்தியுள்ளவனா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதிலும் பொதுநீர்நிலைகளைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது தனிக் குற்றமாகச் சேர்ந்தது 2015-ஆம் வருஷத் திருத்தத்தில்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை தண்டனை. 1955-க்கும் அதற்கும் இடையில் 60 வருஷம்!

2024 ஜூலை முதல் அமுலில் உள்ள புதிய சட்டத்தில், 5000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடித் தண்டிக்கப்படுகிறவன், பொருளையோ கிரயத்தையோ கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. கெடுதியைப் பார்த்துத் தண்டிக்கிற புத்தி கொஞ்சம் வந்திருக்கிறது. நம் காஞ்சிபுரம் பட்டுக்கு அந்தச் சலுகை எட்டாது என்பது வேறு சங்கதி!

ஆகவே தோழர்களே, கிணற்றடியிலோ குழாயடியிலோ தாழ்த்தப்பட்ட தோழர் எவரையாவது தடுத்தால், போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1955-ஆம் வருஷச் சட்டத்தை மட்டும் போட்டிருந்தால், 1989-ஆம் வருஷச் சட்டம் எங்கே என்று அங்கேயே நின்று கேளுங்கள்.