ஒரு நம்பரில் தப்பிய சீட்டு

(கொட்டாஞ்சேனையில் நடந்த மலையகத் தொழிலாளர் ஞாயிறு ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளம் கிடைத்த கையோடு வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் இந்தக் கூட்டத்தை வைத்தோம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

போன மாதம் வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைப் பார்க்கப் போனோம். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்கும் மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி, பேர்ஸிலிருந்து ஒரு பழைய லொத்தர் சீட்டை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "நடுவுல ஒரே ஒரு நம்பர் சேர், அதுல தப்பிருச்சு" என்றார். இரண்டு வருடமாக அதை வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சீட்டு எடுக்காத நாளே இல்லை. வீட்டுக்கு அனுப்பும் காசு குறைந்ததும், தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் இருந்ததும் அதனால்தான் என்பது பிறகு பேச்சோடு பேச்சாக வந்தது. அம்மா இன்னும் மலையில் கொழுந்து எடுக்கிறார்.

அந்த "ஒரு நம்பர்" எவ்வளவு கிட்ட வந்தது என்று கணக்குப் பார்ப்போம். வாத்தியார் வேலை எங்களை விடுவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மகாஜன சம்பத சீட்டில் ஓர் ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம். எழுத்து 26. ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண். இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 60 லட்சம். அதில் பெரிய பரிசுக்குரியது ஒன்றே ஒன்று. தினமும் ஒரு சீட்டு எடுத்து எல்லாவற்றையும் எடுத்து முடிக்க 71,000 வருடத்துக்கு மேல் வேண்டும். நம் முன்னோர் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தே இன்னும் 200 வருடம்தான் ஆகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரேயொரு இடத்தில் மட்டும் தவறும் சீட்டு எத்தனை? ஆறு இடத்திலும் ஒன்பது ஒன்பதாக 54, எழுத்து மட்டும் மாறியவை 25. ஆக 79. எல்லாச் சீட்டும் விற்றால், வென்றவர் ஒருவருக்கு "ஒன்றில் தப்பிருச்சு" என்று சொல்பவர் 79 பேர். நாம் தெருவில் வென்றவரைச் சந்திப்பதில்லை. அந்த 79 பேரில் ஒருவரைத்தான் சந்திக்கிறோம். அவர் கதையைக் கேட்டுவிட்டு நாமும் ஒன்று எடுக்கிறோம். பெரிய பரிசைப் பொறுத்தவரை ஒன்றில் தப்பியதும் ஆறில் தப்பியதும் ஒரே தோல்விதான். மாங்காய்க்கு எறிந்த கல் கிட்டப் போனால், அடுத்த எறியில் கையைத் திருத்தலாம். சீட்டில் திருத்த என்ன இருக்கிறது?

ஆனால் மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 2009 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சூதாட்ட இயந்திரம் ஆடுபவர்களின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தவறும்போது, வெல்லும்போது வேலை செய்யும் இடங்களும் சேர்ந்து வேலை செய்தன. அந்தத் தோல்வி மற்றத் தோல்விகளை விட அதிகமாக வலித்தது. இருந்தும் திரும்ப ஆடும் ஆசையைக் கூட்டியது. அந்தத் தம்பி முட்டாள் இல்லை. எல்லார் தலைக்குள்ளும் இருப்பதுதான் அவர் தலைக்குள்ளும் இருக்கிறது.

சிலர் நம்பரைத் தாங்களே தேடி எடுப்பார்கள். பிள்ளை பிறந்த திகதி, கனவில் வந்த பஸ்ஸின் நம்பர், அப்பா தவறிய நாள். 1975 இல் எலன் லேங்கர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியை ஒரு சோதனையை வெளியிட்டார். அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டொலர் சீட்டு விற்றார். பாதிப்பேர் தாங்களே தெரிந்தெடுத்தார்கள், பாதிப்பேருக்குக் கையில் கொடுக்கப்பட்டது. குலுக்கலுக்கு முன், இதை எவ்வளவுக்குத் திருப்பி விற்பீர்கள் என்று கேட்டார். கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 2 டொலருக்கும் சற்றுக் குறைவாகக் கேட்டார்கள். தெரிந்தெடுத்தவர்கள் கேட்டது 8 டொலருக்கு மேல். சீட்டு ஒன்றுதான். கை பட்டதும் விலை ஏறிவிட்டது.

"ஏழு விழுந்து ரொம்ப நாளாச்சு, இந்தத் தடவை விழும்" என்பதும் இப்படித்தான். 1913 இல் மொண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் உருளும் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. இனி சிவப்புத்தான் என்று ஒவ்வொரு தடவையும் கட்டிக் கட்டி ஆட்கள் பெருந்தொகையை இழந்தார்கள். போன தடவை எங்கே விழுந்தோம் என்பது பந்துக்குத் தெரியாது.

நீங்கள் எந்த நேரத்தில் அதிகம் எடுக்கிறீர்கள் என்று வெள்ளவத்தையிலும் இங்கே ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் கேட்டுப் பார்த்தோம். முதலாளி ஏசிய அன்று. அடகு வைத்த நகை முழுகப் போகிறது என்று ஊரிலிருந்து போன் வந்த அன்று. சந்தோஷமான நாளைச் சொன்னவர் குறைவு. புக்கிக் கடையில் குதிரைக்குக் கட்டுபவர்கள் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: விட்டதைப் பிடிக்கத்தான் திரும்பக் கட்டுகிறோம் என்று. தருமர் எடுத்த எடுப்பிலேயே தம்பிமாரைப் பணயம் வைக்கவில்லை. மற்றதெல்லாம் போன பிறகுதான் வைத்தார்.

காசுக் கணக்கையும் சொல்லவேண்டும். 20 ரூபாவாக இருந்த சீட்டு 2023 இல் 40 ரூபாவானது. நாளுக்கு இரண்டு எடுத்தால் மாதம் 2,400. 2024 இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் சேமலாப நிதி கழிந்து 1,242 கையில் வந்தது. ஆக, அந்தச் சம்பளத்தில் அம்மாவின் ஏறக்குறைய இரண்டு நாள் பேர். 1963 இல் சட்டம் போட்டு அமைத்த தேசிய லொத்தர் சபையின் இலாபம் அரசாங்கத்தின் திரட்டு நிதிக்கும், அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்கும் போகிறது. அதில் நல்ல காரியமும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் ரூபாச் சம்பளத்துக்கு வருடக் கணக்கில் வீதியில் நின்ற நாம், கேட்காமலே ஒரு வரியைத் தினமும் கட்டுகிறோம்.

சீட்டு விற்பவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். அவர்களில் வயதானவர்களும் கால் ஊனமானவர்களும் நிறைய. சீட்டு எடுப்பவரைக் கேலி செய்யவும் வேண்டாம். ஒழுங்கான சம்பளத்தில் ஒரு வீடு கட்டலாம் என்றிருந்தால், 2 கோடியே 60 லட்சத்தில் ஒன்றை யார் நம்பியிருப்பார்கள்? சம்பளத்துக்கான போராட்டத்தைச் சங்கம் விடப் போவதில்லை. அதற்கிடையில் ஒரு சின்ன வேலை.

வாசலில் ஆளுக்கொரு கொப்பி வைத்திருக்கிறோம். நேற்றுத்தான் சம்பளம் வந்தது, அதனால் இன்றிலிருந்தே தொடங்கலாம். சீட்டு எடுத்தால் திகதி, எத்தனை ரூபா, அன்று மனம் எப்படி இருந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். விழுந்த சின்னப் பரிசையும் மறைக்காமல் எழுதுங்கள். எடுக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளவத்தைத் தம்பி ஒரு மாதமாக எழுதுகிறார், பின்வரிசையில் இருக்கிறார். கொப்பியைப் பார்க்கக் கேட்டோம், இன்னும் காட்டவில்லை. அடுத்த மாதம் வெள்ளவத்தையில் கூடுவோம், கொண்டு வாருங்கள். எழுதச் சிரமமானவர்கள் சொன்னால் போதும், நாங்கள் எழுதித் தருகிறோம்.