இறைக்கிற கிணறு ஊறும்



பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோயிலைச் சுற்றி உள்ள கடைத்தெருவில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இது முதல் குழந்தை. பிறந்து மூன்று வாரம் ஆகிறது.

ஒரு நாள் மாலை குழந்தை அழுதது. பால் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழுதது. மறுபடியும் கொடுத்தாள். இரவு பத்து மணி வரை இதே கதை.

"உனக்குப் பால் பத்தலை அம்மா. பிள்ளை பசியில துடிக்குது" என்றார் மாமியார். மறுநாள் கணவன் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பால்மாவு டப்பா வாங்கி வந்தான். குழந்தை புட்டியில் குடித்துத் தூங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

பத்து நாள் போயிற்று. இப்போது தாயின் மார்பில் உண்மையாகவே பால் குறைந்துவிட்டது. "அத்தை சொன்னது சரிதான். எனக்குப் பால் இல்லை" என்று அவள் அழுதாள்.

மாமியார் கெட்டவர் அல்ல. பேரப்பிள்ளைமேல் உள்ள பாசத்தால் சொன்னார். ஆனால் நடந்தது என்ன?

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். தாயின் மார்பும் அப்படித்தான். குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. மூளை இரண்டு சுரப்பு நீர்களை அனுப்புகிறது. ஒன்று பாலை உண்டாக்கும். இன்னொன்று பாலை வெளியே தள்ளும். மார்பு காலியாகக் காலியாக மேலும் பால் ஊறும். பால் தேங்கி நின்றால் ஊறுவது குறையும். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பவில்லை. அதனால்தான் பால் குறைந்தது.

இரட்டைக் குழந்தை பெற்ற தாய்மார் பலர் இரண்டு குழந்தைக்கும் தாய்ப்பாலே கொடுத்து வளர்க்கிறார்கள். இரண்டு வாய் சப்புகிறது. அதற்கு ஏற்பப் பால் ஊறுகிறது.

அப்படியானால் குழந்தை ஏன் அழுதது? மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் ஆகிய சமயங்களில் குழந்தை திடீரென்று அடிக்கடி பால் கேட்பது உண்டு. குழந்தை வேகமாக வளரும் காலம் அது. இரண்டு மூன்று நாள் கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் பாலும் கூடிவிடும். குளிர், புழுக்கம், வயிற்று உப்புசம், ஈரத்துணி ஆகியவற்றாலும் குழந்தை அழும். அழுகை எல்லாம் பசி அல்ல.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும்? முதல் வாரம் கழிந்த பிறகு, ஒரு நாளில் ஆறு தடவையாவது குழந்தை சிறுநீர் கழிக்க வேண்டும். வேறு எதுவும், தண்ணீர்கூட, கொடுக்காத குழந்தைக்குத்தான் இந்தக் கணக்கு. அடுத்தது எடை. பிறந்தவுடன் சிறிது குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும். அதன்பின் முதல் ஆறு மாதமும் மாதத்துக்கு அரைக் கிலோவாவது ஏற வேண்டும். அங்கன்வாடியில் எடை போட்டுப் பாருங்கள்.

நம் பூக்காரத் தாய் அழுதுகொண்டே சுகாதார நர்சிடம் போனாள். நர்சு முதலில் குழந்தை பால் குடிக்கும் விதத்தைப் பார்த்தார். குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருந்தது. வாயை அகலமாகத் திறக்கவைத்து, காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியும் வாய்க்குள் போகும்படி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். குழந்தையின் முகவாய் மார்பில் பட வேண்டும். தாய்க்கு வலிக்கக் கூடாது.

பிறகு நர்சு சொன்னார்: "பகலும் இரவும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடு. இரவுப் பாலை விடாதே. பாலை உண்டாக்கும் நீர் இரவில் அதிகம் சுரக்கும். ஒரு பக்கம் குடித்து முடித்தபின் மறுபக்கம் மாற்று. குழந்தையை உடம்போடு அணைத்து வைத்துக்கொள். புட்டியைத் தூக்கிப் போடு."

டப்பாப் பாலை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. அது ஆபத்து. முதலில் தாய்ப்பால். பிறகு தேவையானதைப் பாலாடையால் கொடுக்க வேண்டும். எடையைப் பார்த்துப் பார்த்து டப்பாப் பாலைக் குறைத்தார்கள். சில வாரத்தில் டப்பா தேவைப்படவில்லை.

பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எல்லாம் தாய்க்கு நல்ல உணவு. ஆனால் குழந்தை சப்பாமல் எந்த உணவும் பாலைப் பெருக்காது. பத்தியம் என்று தாயைப் பட்டினி போடாதீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடட்டும். கவலையும் வலியும் பால் வெளியே வருவதைத் தடுக்கும். துணி துவைப்பதும் சமைப்பதும் கணவன் செய்தால் அதுவும் தாய்க்கு மருந்துதான்.

வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வது? கையைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி, மூடி வைக்கலாம். நம் ஊர் வெயிலில் நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பாட்டி பாலாடையால் கொடுக்கலாம். வேலை இடத்திலும் பாலைப் பீய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் பால் தேங்கிக் குறையும்.

டப்பாவில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். டப்பா விலை அதிகம். சீக்கிரம் தீராமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவார்கள். குழந்தை மெலியும். புட்டி சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். அது உயிரையே எடுக்கும். இதனால்தான் 1992-ல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். 2002-ல் கேரளம் 'குழந்தை நேய மாநிலம்' என்று அறிவிக்கப்பட்டது. பிரசவ ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலுக்குத் துணை நின்றதற்குக் கிடைத்த பெயர் அது. வீடுகளும் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும்.

உண்மையாகவே பால் குறைவாக உள்ள தாய்மாரும் சிலர் உண்டு. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, தைராய்டு நோய், சிலவகைக் கருத்தடை மாத்திரை ஆகியவை காரணமாகலாம். அது தாயின் குற்றம் அல்ல. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். தாயின் மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் போங்கள். தைக்காட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

அடுத்த முறை குழந்தை அழும்போது, "பால் பத்தலை" என்று சொல்லாதீர்கள். "இன்னொரு தடவை கொடு அம்மா, நான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.