நாய்க்குட்டியின் நோயும் இரு வீட்டார் வருத்தமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுதல் நம் சங்கத்தில் வழக்கம். அதற்கு வேண்டிய புலமை எங்களிடம் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சரக்கு ரசீதும் கணக்குப் பேரேடுமாக இருபது ஆண்டுகளைச் சித்தூரிலும் அதைச் சுற்றியுள்ள நிலையங்களிலும் கழித்தவர்கள் நாங்கள். ஆயினும் சென்ற கோடையில் நம் குடியிருப்பில் ஒரு நாய்க்குட்டி இறந்ததும், அதன்பின் இரண்டு வீட்டார் ஒருவரோடொருவர் பேசாதிருந்ததும் உங்களிற் பலர் அறிந்ததே. அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்லவே வந்தோம். ஆண்டு விழாவில் நாயைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிப்போர் இருப்பின், சிறிது நேரம் பொறுத்தருள வேண்டுகிறோம்.

குட்டி எங்கள் வீட்டிற்கு வந்தபோது அதற்கு ஏழு வாரம். உயர்சாதி நாயன்று, நம் நாட்டு நாயே. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. பிள்ளைகள் அதற்கு மணி என்று பெயரிட்டனர். எட்டாம் வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று முதல் தடுப்பூசி போடச் செய்தோம். அடுத்த ஊசிக்குரிய நாளை அவர் ஓர் அட்டையில் குறித்துக் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்னே செருகப்பட்டிருக்கிறது.

பத்தாம் வாரத்தில் ஒரு நாள் காலை மணி பாலைத் தொடவில்லை. கூடையின் மூலையில் தலையைத் தாழ்த்திப் படுத்திருந்தது. நண்பகலில் வாந்தி, மாலையில் இரத்தம் கலந்த பேதி. அதன் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறத்தல் அரிது. சித்தூரில் பார்த்த மருத்துவர் கண்ட அளவிலேயே பார்வோ நோய் என்று ஐயுற்று, திருப்பதிக்குக் கொண்டு செல்லுமாறு சொன்னார். இரயில்வேயில் பணிபுரிபவராயிருந்தும் பாகாலா வழியாக வண்டியில் போகவில்லையா என்று அப்போது ஒருவர் கேட்டார். தொற்று நோயுள்ள குட்டியைப் பலர் ஏறியிறங்கும் பெட்டியில் வைத்துக் கொண்டு செல்வது முறையன்று என்பதால் வாடகைக் காரிலேயே சென்றோம்.

திருப்பதி கால்நடை மருத்துவத்திற்குப் பேர் பெற்ற ஊர். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2005-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அவ்வூரிலேயே அமைந்தது. மலையேறிப் பெருமாளைச் சேவிப்பதற்கென்றே அவ்வூருக்குப் போய்வரும் நம்மவர், அடிவாரத்தில் இப்படியொரு கல்வி நிலையம் எழுபது ஆண்டுகளாய் நடந்து வருவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்நோயைப் பற்றி மருத்துவர் சொல்லியும் பின்னர்ப் படித்தும் அறிந்துகொண்டதைச் சுருங்கக் கூறுகிறோம். நாய்களிடையே இந்நோய்க் கிருமி இனங்காணப்பட்டது 1978-ஆம் ஆண்டில். ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவி, 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் அறியப்பட்டது. அதற்கு முன் வாழ்ந்த நம் பாட்டனார் காலத்து நாய்கள் இதனை அறியா. இக்கிருமி குடலின் உட்புறத்தையும், எலும்பு மச்சையில் உண்டாகும் வெள்ளணுக்களையும் தாக்குகிறது. குடலின் காப்புச் சிதையும். அதே வேளையில் உடலைக் காக்கும் படையும் குறைந்துவிடும். மருத்துவம் செய்யாது விட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்று பிழைப்பதே அரிது. நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றி, வாந்தியை அடக்கி, வேறு கிருமிகள் புகாதவாறு ஊசி போட்டு வந்தால் பெரும்பாலானவை பிழைக்கும். எங்கள் மணி பிழைத்தவற்றுள் சேரவில்லை.

நான்கு நாள் போராடினோம். பகலில் முன்னங்காலில் ஊசி செருகி நீர் ஏற்றுவார்கள். இரவில், வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அதன் அருகே வைத்துக் காவலிருந்தோம். வாந்தி நிற்கும்வரை வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி அது தலையை நீட்டும்போது அக்கிண்ணத்தை அப்புறப்படுத்துவது எவ்வளவு கடினமான வேலை என்பதைச் சொல்லால் உணர்த்த இயலாது. மூன்றாம் நாள் வாலை ஒருமுறை அசைத்தது. எங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “அப்பா, மணிக்குச் சரியாகிவிட்டது” என்றாள். மருத்துவர் மட்டும் ஈற்றை விரலால் அழுத்திப் பார்த்து, நிறம் திரும்பவில்லை என்றார். நான்காம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது.

அடுத்த வீட்டுத் தெலுங்கு மூதாட்டியார் வந்து பார்த்துவிட்டு, “பாபம், பசிபிட்ட” என்றார். பாவம், பச்சைக் குழந்தை என்பது பொருள். வேறு பலர் ஆறுதலாகச் சொன்ன நீண்ட உரைகளைவிட அந்த இரண்டு சொற்களே எங்கள் வீட்டாருக்கு இதமாயிருந்தன. “ஒரு நாய்தானே, வேறொன்று வாங்கிக் கொள்ளலாம்” என்றவர்களும் நல்லெண்ணத்தோடே சொன்னார்கள். ஆனால் அச்சொல்லைக் கேட்டபின் எங்கள் மகள் அவர்கள் முன் அழுவதை நிறுத்திக்கொண்டு, இரவில் போர்வைக்குள் அழத் தொடங்கினாள்.

பிள்ளைகளிடம் குட்டியைக் கிராமத்திற்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். நாங்கள் அதற்கு உடன்படவில்லை. இறந்துவிட்டது என்றே சொன்னோம். உரியவரிடம் இசைவு பெற்று, கிணறு இல்லாத ஒரு மூலையில் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். பிள்ளைகள் எட்ட நின்று பூப் போட்டார்கள்.

இனித்தான் இரு வீட்டார் செய்தி. பக்கத்து வரிசையில் உள்ள ஒரு பையன், மணியோடு விளையாட நாள்தோறும் வருவான். நோய் காணுவதற்குச் சில நாள் முன்பு, தெருவில் கிடந்த நோயுற்ற குட்டியொன்றிற்கு அவன் தண்ணீர் வைத்தானாம். அது வெளிப்பட்டதும் எங்கள் மூத்த மகன், “நீதான் கொண்டு வந்தாய்” என்று அவனைத் தெருவில் வைத்தே பழித்துவிட்டான். பையன் சாப்பிடாமல் கிடந்தான். அவன் தாயார் எங்கள் வாயிற்படி மிதிப்பதை நிறுத்தினார். ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரு வீட்டார், குடத்தை முன்னும் பின்னுமாய் வைத்துக்கொண்டு முகம் பாராமல் நின்றது இருபத்திரண்டு நாள்.

இவ்வளவும் அறிந்த பிறகு மருத்துவரிடம் எங்கள் மகனையே அழைத்துச் சென்று கேட்கச் செய்தோம். அவர் சொன்னதை அப்படியே இங்கு ஒப்புவிக்க விரும்புகிறோம். இக்கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். செருப்பின் அடியிலும், சைக்கிள் சக்கரத்திலும், துணியிலும் வரும். பால்காரர், தபால்காரர், நம் வீட்டார் என எவர் காலிலும் வரும். யார் வழியே வந்தது என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. “அப்படியானால் ஊசி ஏன் காக்கவில்லை?” என்று மகன் கேட்டான். அதற்கு அவர் தந்த விடைதான் எங்களை மிகவும் சிந்திக்கச் செய்தது. குட்டி பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலின் வழியே தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் அதற்கு வருகிறது. வாரந்தோறும் அது தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து, நோயைத் தடுக்கப் போதாததாயும், தடுப்பு மருந்தை மட்டும் வேலை செய்யவொட்டாது தடுக்கப் போதியதாயும் நிற்கும் ஓர் இடைக்காலம் உண்டு. அவ்விடைக்காலம் எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்று முன்னறிய முடியாது. ஆகையினாலேயே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரையிலும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மணி அந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டது.

தாய் கொடுத்த காப்பே சில நாள் தடையாகவும் நிற்கிறது என்றால் யாரைக் குறை கூறுவது? மகன் வரும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் அவனே அப்பையன் வீட்டிற்குச் சென்று வந்தான். அங்கு என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. குழாயடியில் இப்போது பேச்சு நடக்கிறது.

நாய்க்காக வருந்துவது தமிழர்க்குப் புதிதென்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறத்தாழ 1400 ஆண்டுப் பழமையுடையது. வீரனோடு அவன் நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். கன்னட நாட்டு ஆதகூரில் கண்டெடுக்கப்பட்டு, பெங்களூர் அருங்காட்சியகம் சேர்ந்த கல்லொன்றும் உண்டு. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரைச் சொல்லும் அதே கல், காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டை நாயையும் சொல்கிறது. அக்கல்லின் வழிபாட்டிற்காக நிலமும் விட்டார்கள்.

அவை வீர நாய்கள். எங்கள் மணியோ பத்து வாரத்துக் குட்டி, கள்வனையும் கண்டதில்லை, பன்றியையும் கண்டதில்லை. செருப்பைக் கடித்ததே அதன் போர். ஆயினும் நான்கு இரவு ஓர் உயிரின் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருந்தவர்க்கு, அது வீரமுடையதா என்ற கேள்வி எழுவதில்லை.

இன்னொன்று. எங்கள் வீட்டில் உடனே வேறு குட்டி வளர்க்கச் சொல்லிப் பலர் வற்புறுத்துகிறார்கள். கிருமி தரையில் நெடுநாள் தங்குமாதலால், தடுப்பூசி முழுவதும் முடியாத குட்டியை ஓராண்டிற்குள் கொண்டுவரப் போவதில்லை. கூடையையும் துணியையும் எரித்துவிட்டோம். சோப்பு நீருக்கு இக்கிருமி அடங்காது. தரையைக் கழுவித் துடைத்தபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும் என்றார்கள். அவ்வாறே செய்து வருகிறோம். இந்நோய் மனிதரைத் தொற்றாது. தாய்மார்கள் அஞ்ச வேண்டா.

நம் குடியிருப்பில் இப்போது நான்கு மாதம் நிரம்பாத குட்டிகள் மூன்று இருக்கின்றன. அவற்றின் ஊசி நாட்களையெல்லாம் ஒரே தாளில் எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பை, முன்பு சொன்ன அந்தப் பையனும் எங்கள் மகனும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். குட்டி வளர்ப்போர் கூட்டம் முடிந்ததும், மேடையின் இடப்புறம் நிற்கும் அவ்விருவரிடமும் தங்கள் குட்டி பிறந்த நாளைச் சொல்லிச் செல்ல வேண்டுகிறோம்.