வாக்குச்சாவடியில் நம் மாணவர்



தேர்தல் நாளன்று சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளிக்கூடங்கள் வாக்குச்சாவடிகளாகின்றன. ஆசிரியர்கள் தேர்தல் அலுவலர்களாகி அமர்கின்றனர். பள்ளியின் மேசைக்கும் நாற்காலிக்கும் அன்று பணியுண்டு. மாணவனுக்கு மட்டும் இல்லை!

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் முறை வேறு. 16 வயது நிரம்பிய உயர்நிலைப் பள்ளி மாணவர், பள்ளியின் இசைவு பெற்று, வாக்குச்சாவடியிலேயே பணிபுரியலாம். அங்கே வாக்குப்பதிவு செவ்வாய்க்கிழமையில் நிகழ்கின்றமையால், அன்று வகுப்புக்கு வாராமையைப் பள்ளி பொறுத்துக்கொள்ளச் சட்டமே வகை செய்துள்ளது. வாக்குகளை எண்ணும் வேலை மட்டும் அவர்கட்கு இல்லை.

இது நமக்கு எதற்கு என்பீர்கள். 1952இல் சென்னை இராஜ்யத்தவராய் வாக்களித்த இவ்வூர்கள், 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர இராஜ்யத்தைச் சேர்ந்தன. தெலுங்கெழுத்து அறியாத முதியோர் இன்றும் நம் இல்லங்களில் உள்ளனர். எந்த அறை, எந்த வரிசை என்று யாரைக் கேட்பதென அறியாது அவர்கள் வாயிலில் திகைத்து நிற்பதுண்டு. நம் பிள்ளைகளோ பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பயில்பவர்கள். இவர்களினும் தக்க வழிகாட்டி எவர்?

இங்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. தேசிய மாணவர் படையினரும் நாட்டு நலப்பணித் திட்டத்தினரும் முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் உதவத் தொண்டர்களாக அமர்த்தப்படுகின்றனர். எல்லை ஒன்றுண்டு: பார்வையற்றவரோடும் தளர்ந்தவரோடும் வாக்களிக்கும் மறைவிடம்வரை செல்லும் துணைவர் 18 வயது நிரம்பியவராதல் வேண்டும், அவரும் ஒரே நாளில் ஒருவர்க்கு மேல் துணை செல்லலாகாது. இளையோரின் உதவி வாயிலோடும் வரிசையோடும் நிற்கட்டும், அதுவே பேருதவி.

படிப்புக் கெடும் என்று பெற்றோர் அஞ்சுவர். 2024 மே 13 அன்று நிகழ்ந்த வாக்குப்பதிவு கோடை விடுமுறையில் வந்தது. ஒரு பாடமும் தவறவில்லை. அந்த வெயிலுக்கு அஞ்சினால் அது நியாயம். குடையும் மோரும் நாம் தருவோம். கட்சிக்காரர் இழுத்துக்கொள்வர் என்னும் அச்சமே மெய்யானது. பிரசாரத்தில் சிறுவரை ஈடுபடுத்தலாகாதெனத் தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பாக ஆணையிட்டது. ஆதலின் எக்கட்சியின் மேசையருகிலும் நம் பிள்ளைகள் நிற்கலாகாது. பள்ளியின் வழியாக, அலுவலர் ஏற்ற தொண்டராகவே செல்லுதல் வேண்டும்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வருமுன், விருப்பமுள்ள மாணவ மாணவியரின் பெயர்களைப் பெற்றோர் ஒப்பத்துடன் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். தலைமையாசிரியர்களை நாமே சென்று காண்போம்.